கான்ட்ராக்டா, பர்மனெண்டா?

மலரு, ஞாயித்துக்கிழமை நீ போனை வச்சதுலேர்ந்து இந்த வூட்டுல நானும் உங்கப்பாவும் சரியாப் பேசிக்கல. சண்டைன்னு பயந்துடாதே. சண்டை போட்டிருந்தா அன்னிக்கே கத்தி முடிச்சிருப்போம். அவரு பாட்டுக்கு ஷிப்டுக்குப் போறாரு, வர்றாரு, சாப்புடறாரு, டிவியில நியூஸை சத்தமா வச்சிக்கினு உக்காந்திருக்காரு. நான் பாட்டுக்கு சத்துணவுக் கூடத்துக்குப் போயி புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு வர்றேன். ஃப்ரிட்ஜ் மேல ஒரு கிலோ மைசூர்பாகு டப்பா பிரிக்காம உக்காந்துக்கினு இருக்குது. அதுதான் இப்ப வூட்டுல மூணாவது ஆளு.

"அப்பா, சென்னையில எனக்கு பர்மனெண்ட் வேலை கெடைச்சிருக்கு"ன்னு நீ சொன்னதுதான் தாமதம், மனுஷன் செருப்பைக்கூட சரியா மாட்டாம கடைக்கு ஓடிட்டாரு. மீதியை நான்தான் கேட்டேன். ஜாம்பியாவுல உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, ஆனா அவங்க, வெளிநாட்டுப் பணம் நிக்கப்போவுது, இன்னும் ரெண்டு வருஷம் இருந்து அரசாங்கத்துகிட்ட வேலையை ஒப்படைச்சிட்டுப் போம்மான்னு கேக்கறாங்க, சென்னைக்காரங்களோ உடனே பதில் சொல்லுங்கறாங்க. "நான் இன்னாம்மா பண்றது? நீ சொல்லு, அதைக் கேக்கறேன்"ன்ன. சின்ன வயசுல பரீட்சைக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு ஒரு மாதிரி கேப்பியே, அந்தக் குரல்ல கேட்ட. அதுக்குள்ள உங்கப்பா டப்பாவோட வந்து நின்னாரு, குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் குடுத்துட்டு வர்றேன்னு. நான் அதை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வச்சிட்டு, "அவ இன்னும் முடிவு பண்ணல, பண்ணினப்புறம் குடுக்கலாம்"னேன். அன்னிக்கு அவரு மூடின வாயி.

போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நான் வாயைத் திறந்தா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னுடுவ. நீ சரிம்மான்னா நான் அழுதுடுவேன். நான் அழுதா நீ டிக்கெட் போட்டுக்கினு கெளம்பிடுவ. அழுது எடுக்கற முடிவு நமக்கு வேணாம்னுதான் உக்காந்து எழுதறேன். பக்கம் பக்கமா படம் புடிச்சி வாட்ஸ்அப்ல அனுப்பறேன், பொறுமையா படி. என் கையெழுத்து புரியலன்னு கிண்டல் பண்ணாதே. இதை வேற நாலு பேரு படிச்சாலும் பரவாயில்ல, என்னை மாதிரி வெளிநாட்டுல புள்ளைங்களை விட்டுட்டு உக்காந்திருக்கிற அம்மாங்க இந்த ஊர்ல நெறைய பேரு இருக்காங்க.

மொதல்ல உங்கப்பா பக்கம் நின்னு பேசிடறேன். இல்லன்னா அவரு ஏதோ ஊருக்குப் பெருமையடிக்கத்தான் ஆசைப்படறாருன்னு நீ நெனைச்சிடுவ. நம்ம மைன்ஸ் டவுன்ஷிப்ல புது ஆளைப் பாத்தா பேரு கேக்கறதுக்கு முன்னாடி "கான்ட்ராக்டா, பர்மனெண்டா?"ன்னுதான் கேப்பாங்க. பொண்ணு பாக்க வந்தாலும் அதான் கேள்வி, வாடகைக்கு வூடு கேட்டாலும் அதான். எங்க ரெண்டு பேரு வூட்டுலயும் ஒரு சென்ட் நிலம் கெடையாது, அடுத்தவங்க வயல்ல நடவும் அறுப்பும்தான் எங்க பெத்தவங்களுக்குத் தெரிஞ்ச வேலை. உங்கப்பா அதை விட்டுட்டு மைன்ஸுக்கு வந்து, பெல்ட்டுக்கு அடியில சிந்தற நிலக்கரியை வாரிப்போடற கான்ட்ராக்ட் வேலையில வருஷக்கணக்கா கெடந்தாரு. அவரு பர்மனெண்ட் ஆன அன்னிக்கு ஸ்டூடியோவுக்குப் போயி எடுத்த போட்டோ இன்னும் ஹால்ல மாட்டியிருக்குது. அவரு புது யூனிபார்ம்ல வெறைப்பா நிக்கறாரு, அவரு ஹெல்மெட்டை நீ மாட்டிக்கினு மூக்கு வரைக்கும் மறைஞ்சிபோயி நிக்கற. அந்தச் சந்தோஷத்தை உன்கிட்டயும் பாக்கணும்னு ஒரு அப்பன் நெனைக்கறதுல என்ன தப்பு இருக்குது? அடுத்த வருஷம் அவரு ரிட்டையர் ஆவறாரு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு மந்தாரக்குப்பத்துல வாடகைக்குப் போவணும். அந்த நேரத்துல பொண்ணு நாலஞ்சு மணி நேரத்துல வந்து சேர்ற தூரத்துல இருந்தா நல்லாயிருக்கும்னு அவருக்குத் தோணுது. எனக்கும் தோணுது.

உன் வேலை இன்னான்னு எங்களுக்குப் புரியறதுக்கு எவ்வளவு நாளாச்சுன்னு நெனைச்சிப் பாரு, சிரிப்பா வருது. "சோசியல் செக்யூரிட்டிப்பா, சமூகப் பாதுகாப்பு"ன்னு நீ சொன்ன. நம்ம ஊர்ல செக்யூரிட்டின்னா யாரு? மைன்ஸ் கேட்ல காக்கி போட்டுக்கினு டிபன் பாக்ஸைத் தொறந்து பாக்கறவங்கதான். உங்கப்பா ஷிப்ட் பஸ்ஸு முழுக்க, "என் பொண்ணு ஆப்பிரிக்காவுல செக்யூரிட்டி ஆபீசர்"னு சொல்லிட்டு வந்துட்டாரு. பக்கத்து குவார்ட்டர்ஸ் கேரளாக்காரங்க, தேவகி சேச்சி, என்கிட்ட வந்து, "மோளுக்கு துப்பாக்கி குடுத்திருக்காங்களா?"ன்னு மெதுவா கேட்டாங்க. எனக்கு மட்டும் இன்னா தெரியும்? "குடுக்காமயா இருப்பாங்க?"ன்னுட்டேன். நீ லீவுல வந்தப்ப அந்த அம்மா உன் இடுப்பையே பாத்துக்கினு நின்னது அதுக்குத்தான்டி.

அப்புறம் நீ ஒரு நாள் வீடியோ கால்ல அந்த ஊர்ப் பக்கம் கூட்டிக்கினு போயி காட்டின பாரு, அன்னிக்குத்தான் புரிஞ்சுது. மரத்தடியில ஜனங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. வேலை செய்ய முடியாதவங்க, கைக்குழந்தையோட தனியா நிக்கற பொண்ணுங்க, காலு வெளங்காதவங்க. அவங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கையில பணம் வருது, அதை எதுக்கு வேணும்னாலும் செலவு பண்ணிக்கலாம்னு சொன்ன. அந்தப் பணத்துல கொஞ்சம் அவங்க அரசாங்கம் போடுது, கொஞ்சம் வெளிநாடுங்க போடுது, யாருக்கும் விட்டுப்போவாம போயி சேருதான்னு பாத்து, அதுக்கு அந்த ஊரு ஆளுங்களைப் பழக்கறதுதான் உங்க வேலைன்ன. கண்ணு தெரியாத அந்த மனுஷன், வந்த பணத்துல கோழி வாங்கி விட்டவரு, ரொம்ப முட்டை வைக்கிற கோழிக்கு, மலருன்னு வாயில வராம "மாலா"ன்னு உன் பேரை வச்சிருக்காருன்னு சொன்னப்ப, நான் அழுவறதா சிரிக்கறதான்னு தெரியாம முந்தானையை வாயில வச்சிக்கினேன். உங்கப்பா மட்டும் யோசனை பண்ணிட்டு ஒரு கேள்வி கேட்டாரு. "வெளிநாட்டுக்காரன் போடற காசு, அது கான்ட்ராக்டா, பர்மனெண்டா?" நீ சிரிச்ச. சிரிச்சிட்டு, "கான்ட்ராக்ட்தாம்ப்பா, அதை எப்படி பர்மனெண்ட் ஆக்கறதுன்னுதான் எல்லாரும் மண்டையை ஒடைச்சிக்கினு இருக்கோம்"ன்ன.

அந்த மண்டை ஒடைச்சிக்கிறவங்களை எல்லாம் போன கார்த்திகையில நேர்ல பாப்பேன்னு நான் கனவா கண்டேன்? நம்ம தமிழ்நாட்டுல ரேஷன் கடை எப்படி நடக்குது, முதியோர் பென்ஷன் எப்படிப் போவுது, சத்துணவு எப்படி ஆக்கறாங்கன்னு பாக்க அவங்க அரசாங்கத்து ஆளுங்களோட நீ வந்த. உதவி வாங்கற ஊருக்காரங்க இன்னொரு ஏழை ஊருக்குப் போயி கத்துக்கலாம்னு நெனைச்சாங்களே, அதுவே எனக்குப் பெருசாப் பட்டுச்சு. நாங்களும் ஒரு காலத்துல கத்துக்க வேண்டியவங்களாத்தானே இருந்தோம். ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பேரை நம்ம வூட்டுக்கு சாப்பாட்டுக்குக் கூட்டிக்கினு வந்த. முத்திந்தா அம்மா, அவங்க ஊரு மாவட்டத்துல இந்த வேலைக்கெல்லாம் தலைமை அதிகாரி. அப்புறம் பணம் குடுக்கற நாடுங்க சார்பா வந்த அந்த நெட்டை மனுஷன். முத்திந்தான்னு எனக்கு வாயில நொழையல, முத்தம்மான்னு கூப்பிட்டேன். அந்த அம்மாவும் அதுக்குத் திரும்பிச்சு.

நீ சொல்லித்தான் கேழ்வரகுக் களி கிண்டினேன். வெளிநாட்டுக்காரங்களுக்குக் களியா, மானம் போவும்னு உங்கப்பா கறிக்கடைக்குக் கெளம்பினாரு. ஆனா முத்தம்மா தட்டைப் பாத்துச்சு, ஒரு உருண்டை கிள்ளி உள்ளங்கையில உருட்டி, நடுவுல கட்டைவிரலால குழி பண்ணி, கருவாட்டுக் குழம்புல தோய்ச்சி வாயில போட்டுச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த வெவரம் எல்லாம் நம்ம பக்கத்துல பொறந்தவங்களுக்குத்தானே தெரியும்? அவங்க ஊர்ல மக்காச்சோள மாவுல இதையேதான் கிண்டுவாங்களாம், பொடிக் கருவாட்டுக் குழம்போட. மூணு தடவை வாங்கிச்சு. நெட்டை மனுஷன் சம்மணம் போட்டு நல்லாத்தான் உக்காந்தாரு, எழுந்திரிக்கத்தான் முடியல. உங்கப்பா ஒரு கையும் நீ ஒரு கையும் புடிச்சித் தூக்கினீங்க. மனுஷன் நல்ல மனுஷன்டி. "இன்னும் எவ்வளவு வருஷம் அந்த ஊர்ல இருப்பீங்க?"ன்னு உங்கப்பா கேட்டதுக்கு, "நான் கெளம்பறதுக்குன்னே வேலை பாக்கறவன். நான் இருந்துக்கினே இருந்தா என் வேலை நடக்கலன்னு அர்த்தம்"னாரு. பணம் குடுக்கறவங்கன்னா தலைக்கனமா இருப்பாங்கன்னு நெனைச்சிருந்தேன். சாப்ட தட்டைத் தானே கழுவறேன்னு எடுத்துக்கினு போயி, குழாயை எப்படித் திறக்கறதுன்னு தெரியாம நின்னாரு.

சாப்புட்டுக்கினு இருக்கறப்ப ரெண்டாவது ஷிப்ட் சங்கு ஊதிச்சு. நமக்கு அது காதுலயே விழாது. முத்தம்மா மட்டும் களி உருண்டையோட கையை அப்படியே நிறுத்திடுச்சு. உன்கிட்ட ஏதோ சொல்லிச்சு, நீ திருப்பிச் சொன்ன. அந்த அம்மாவோட அப்பா செப்புச் சுரங்கத்துல வேலை பாத்தவராம். அங்கயும் இதே மாதிரி குவார்ட்டர்ஸ், இதே மாதிரி சங்கு. ஒரு நாள் சுரங்கத்தை மூடிட்டாங்களாம், சங்கும் நின்னுபோச்சாம். அவங்கம்மா அடுப்புக்கரி வித்துத்தான் அஞ்சு புள்ளைங்களை வளர்த்திருக்காங்க. "சங்கு நின்னப்புறம்தான் அது எவ்வளவு சத்தமா இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது"ன்னு அந்த அம்மா சொன்னப்ப உங்கப்பா சோத்தைப் பெசஞ்ச கையைத் தட்டுல வச்சிட்டாரு. எழுந்து போயி அந்த அம்மாவுக்கு மோர் ஊத்திக்கினு வந்து குடுத்தாரு. இருபத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு தடவை மோர் ஊத்திக் குடுத்திருப்பாரா அந்த மனுஷன்?

அன்னிக்கு வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடிதான் எங்க சத்துணவுக் கூடத்தைப் பாத்துட்டு வந்திருந்தாங்க. புள்ளைங்க முட்டையை உரிச்சித் தின்னுட்டு ஓட்டை ஒருத்தன் மேல ஒருத்தன் போட்டு வெளையாடினதைப் பாத்து முத்தம்மா சிரிச்சிக்கினே இருந்துச்சு. இது எப்படி ஆரம்பிச்சதுன்னு வூட்டுல வந்து என்கிட்ட கேட்டுச்சு. நான் எங்க ஊரு பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் நான் படிச்ச பள்ளிக்கூடத்துல, நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப, மத்தியானத்துல போட்டது வெளிநாட்டுக் கோதுமை. எங்களுக்குப் புரியாத எழுத்து போட்ட மூட்டையில வரும். அந்த ரவையில உப்புமா கிண்டிப் போடுவாங்க. எண்ணெய் ஒரு மாதிரி வாடை அடிக்கும், ஆனா அந்த வாடைக்குத்தான் நாங்க மூணாவது பெல்லு எப்படா அடிக்கும்னு உக்காந்திருப்போம். எந்த ஊருக்காரன் வெதைச்சானோ, எங்க வயித்துக்கு வந்து சேர்ந்துச்சு, அந்த ஜனங்க நல்லா இருக்கணும்னு இன்னிக்கும் நெனைக்கறேன். அப்புறம் அந்த மூட்டை வர்றது நின்னுபோச்சு. அப்புறம் நம்ம அரசாங்கத்தோட அரிசி வந்துச்சு. அது இன்னிக்கி வரைக்கும் நிக்கல, இப்ப நானே ஆக்கிப் போடறேன். இப்படி ரெண்டு வரியில முடிச்சிட்டேன். எல்லாரும் இப்படித்தானே சொல்லுவோம்?

அப்பதான் முத்தம்மா கேட்டுச்சு: "நடுவுல?"

நீ தமிழ்ல சொல்றதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சிடுச்சு. மூட்டை நின்னதுக்கும் அரிசி வந்ததுக்கும் நடுவுல என்ன சாப்பிட்டீங்க? வயிறு காய்ஞ்சவங்களுக்குத்தான்டி அந்தக் கேள்வி கேக்கத் தெரியும். என் வாழ்நாள்ல யாரும் என்னை அதைக் கேட்டதில்ல. நீ கேட்டதில்ல, உங்கப்பா கேட்டதில்ல. நானும் யாருக்கும் சொன்னதில்ல. எந்த ஊர்லயோ செப்புச் சுரங்கத்துல பொறந்த ஒருத்தி என் ஹால்ல உக்காந்து அதைக் கேட்டதும், எனக்கு எங்க தனபாக்கியம் டீச்சரு கண்ணு முன்னாடி வந்து நின்னுட்டாங்க.

மூட்டை நின்ன மறுநாளே டீச்சரு ஒரு பையைத் தூக்கிக்கினு தெருத்தெருவா கெளம்பிட்டாங்க. ஊர்ல நெலம் வச்சிருக்கிறவங்க வூட்டுல ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி, எங்க காலனியில குடுக்க முடிஞ்சவங்ககிட்ட ஒரு கைப்பிடி கம்பு, ஒண்ணும் இல்லாதவங்ககிட்ட ரெண்டு சுள்ளி விறகு. சேத்தியாத்தோப்பு சந்தையில நெல்லு யாவாரிங்க முன்னாடியும் போயி நிப்பாங்களாம். அதை வச்சி கஞ்சி காய்ச்சினாங்க. சில நாளு கஞ்சி, சில நாளு கஞ்சித்தண்ணி. ஒரு நாளு எதுவுமே கெடைக்கல. நாங்க தட்டோட உக்காந்திருக்கோம், அடுப்பு மட்டும் எரியுது, பானையில வெறும் தண்ணி கொதிக்குது. அதுல உப்புக் கல்லைப் போட்டு, கரண்டியால மொண்டு, கஞ்சி ஊத்தற மாதிரியே ஒவ்வொருத்தர் தட்டுலயும் ஊத்தினாங்க. தனக்கும் ஊத்திக்கினு எங்க கூட உக்காந்து குடிச்சாங்க. ஆயம்மா கேட்டாங்க, "இதுக்கு எதுக்குங்க டீச்சரு அடுப்பு பத்த வைக்கணும்?"னு. "ஒரு நாளு அடுப்பு பத்தலன்னா நாளைக்கு இதுல பாதிப் புள்ளைங்க களை புடுங்கப் போயிடும். போனது திரும்பி வராது. அரிசி எப்ப வருதோ வரட்டும், வர்றப்ப சாப்புட புள்ளைங்க இருக்கணும்"னாங்க. அந்த உப்புத் தண்ணியைக் குடிச்சிட்டு நானும் மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். அரிசி வந்துச்சு. பத்தாவது வரைக்கும் படிச்சேன். அதனாலதான் இப்ப உனக்கு இந்த லெட்டரை நானே எழுதிக்கினு இருக்கேன்.

இதை நான் சொல்லி, நீ இங்கிலீஷ்ல சொல்லி முடிச்சதும் முத்தம்மா "தானாபாக்யம், தானாபாக்யம்"னு நாலஞ்சு தடவை சொல்லிப் பாத்துக்கிச்சு. அப்புறம் உன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டுச்சு. நீ அதை எனக்குத் தமிழ்ல சொல்லவே இல்ல. தட்டைப் பாத்துக்கினு உக்காந்துட்ட. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நெனைச்சிக்கினியா? இத்தனை வருஷமா இந்த டவுன்ஷிப்புலதானே குடும்பம் நடத்தறேன். "எங்க ஊர்ல அந்த டீச்சர் யாரு?"ன்னு உன்னைக் கேட்டுச்சு. அது கூடப் புரியாதா எனக்கு?

நேத்து உங்கப்பாகிட்ட நானே வாயைத் திறந்தேன். "நான் பட்டது என் பொண்ணு படக்கூடாது"ன்னாரு. நியாயம்தான். நீ மூணாவது படிக்கறப்ப கான்ட்ராக்டர் மாறி, புது ஆளு பழைய ஆளுங்களைச் சேத்துக்காம நிறுத்தி வச்சான், ஞாபகம் இருக்குதா? கேட் பாஸு கெடையாது. ஆனாலும் உங்கப்பா தெனமும் ஷிப்ட் நேரத்துக்கு சைக்கிள்ல போயி கேட்டுக்கு வெளிய நின்னுட்டு வருவாரு. வேலைக்கு எடுக்கறப்ப மொகம் ஞாபகம் இருக்கணும்னு. நான் அவருகிட்ட கேட்டேன்: "நீங்க கேட்ல நின்ன அந்த நாள்ல உங்க பொண்ணு மத்தியானத்துல எங்க சாப்டா?" நானே சொன்னேன்: "பள்ளிக்கூடத்துல சாப்டா. யாரோ ஒருத்தரு நடுவுல அடுப்பை அணையாம பாத்துக்கினதால அவளுக்கு அங்க சோறு இருந்துச்சு. இப்ப ஒரு ஊரே கேட்டுக்கு வெளிய நிக்குது. வெளிநாட்டுக்காரன் கையை எடுக்கறான், அரசாங்கம் இப்பதான் கையை நீட்டுது. நடுவுல உங்க பொண்ணு இருக்கறா. அவளை எழுந்து வாடின்னு எந்த வாயால சொல்லுவீங்க?" மனுஷன் எழுந்து போயி டிவியை அணைச்சிட்டு, லைட்டையும் அணைச்சிட்டுப் படுத்துட்டாரு.

எனக்கு நீ வேணும்டி. பொய்யா பேசத் தெரியாது எனக்கு. உன்னைப் பக்கத்துல வச்சிக்கினு தலையை வாரி விடணும், வயசாயிடுச்சேடின்னு கல்யாணத்துக்கு நச்சரிக்கணும், மந்தாரக்குப்பத்து வாடகை வூட்டுல பாத்திரத்தை எங்க அடுக்கறதுன்னு உன்கிட்ட சண்டை போடணும். இந்த ஆசையெல்லாம் எனக்கும் இருக்குது. சென்னை வேலை போனா இன்னொண்ணு கெடைக்குமான்னு பயமாவும் இருக்குது. ஆனா என் பொண்ணு எந்த எடத்துல உக்காந்திருக்கான்னு நெனைக்கறப்ப எனக்கு நெஞ்சு நெறைஞ்சிடுது. கோதுமை அனுப்பினவங்க பக்கமும் நீ இருக்க, அடுப்பு மூட்டறவங்க பக்கமும் நீ இருக்க. எங்க குடும்பத்துல யாருக்குடி இது கெடைச்சுது? தட்டை நீட்டி வாங்கின கையிலதான் உன்னைத் தூக்கி வளர்த்தேன்.

நீ கேட்ட, அதனால சொல்றேன். முடிவு உன்னுது. இருந்து முடிச்சிட்டு வா. சென்னைக்காரங்களுக்கு மரியாதையா, நன்றியா பதில் எழுது. அங்க இருக்கிறப்ப நான்தான் குடுக்கறேன்னு ஒரு நாளும் நெனைச்சிடாதே, அந்த மரத்தடியில உக்காந்திருக்கிறவங்க உன்கிட்ட கை நீட்டல, அவங்க நாட்டுக்கிட்ட அவங்க பங்கைக் கேக்கறாங்க. உனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் முத்தம்மாவுக்கும் அவங்க ஆளுங்களுக்கும் மிச்சம் வைக்காம சொல்லிக் குடு. ஒரு தவணைகூட நடுவுல அறுந்துபோவ விடாதே. நீ கெளம்பற அன்னிக்கு உன்னை யாரும் தேடக்கூடாது. மாலாங்கிற அந்தக் கோழி மட்டும் தேடினா போதும். கொசுவலையைக் கட்டிக்கினு படு. மழையில ரோடு ஒடைஞ்சிருந்தா பொறுத்துப் போ, வீரம் காட்டாதே. களி கிண்டத் தெரியலன்னு சொல்லி எங்க மானத்தை வாங்காதே, முத்தம்மாகிட்ட கத்துக்கோ.

இதை இங்கயே முடிச்சிருப்பேன். ஆனா உங்கப்பா ஷிப்ட் முடிச்சி வந்து, நான் எழுதிக்கினு இருக்கறதைப் பாத்து, கையை நீட்டினாரு. குடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கினு நின்னபடியே படிச்சாரு. கேட் பாஸு விஷயம் வந்த எடத்துல கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து படிச்சாரு. "மோர் ஊத்திக் குடுத்ததை எல்லாம் எதுக்கு எழுதின?"ன்னாரு. மூணு நாளைக்கு அப்புறம் அவரா தொடங்கின மொதப் பேச்சு. அப்புறம் ஃப்ரிட்ஜ் மேல இருந்த டப்பாவை எடுத்து, தூசியை லுங்கியால தொடைச்சிட்டு, சட்டையை மாட்டினாரு. "எங்கய்யா கெளம்பிட்ட?"ன்னேன். "லைன்ல குடுத்துட்டு வந்துடறேன்." "இன்னான்னு சொல்லிக் குடுப்ப?" "பொண்ணுக்கு கான்ட்ராக்ட் நீட்டிச்சிருக்காங்கன்னு."

நீ இன்னும் பதிலே சொல்லல, இந்த மனுஷன் மறுபடியும் முந்திக்கினாரு பாரு. இந்த டவுன்ஷிப்பு தோன்றின நாள்லேர்ந்து கான்ட்ராக்ட் நீட்டிச்சதுக்கு யாராவது ஸ்வீட் குடுத்திருப்பாங்களா? ஜன்னல் வழியா பாத்துக்கினுதான் இதை எழுதறேன். தேவகி சேச்சி வூட்டு வாசல்ல நின்னு டப்பாவைத் தொறக்கறாரு உங்கப்பா. "மோளு பர்மனெண்ட் ஆயோ?"ன்னு அந்த அம்மா கேக்கறது இங்க வரைக்கும் கேக்குது.

"இல்ல சேச்சி, கான்ட்ராக்ட்தான். எடுத்துக்கோங்க, ரெண்டா எடுத்துக்கோங்க."